பினாயில் வாசனை வந்தால் சுத்தமாகிவிட்டதா?

கேள்வி: மதுரையில் புதிதாக கிளீனிங் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். கையில் மூன்று இடம் இருக்கிறது. அண்ணா நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, ரிங் ரோட்டில் கேன்டீனோடு சேர்ந்த ஒரு அலுவலகம், கே.கே. நகரில் ஒரு பல் கிளினிக். மூன்றுக்கும் ஒரே பினாயில்தான் ஊற்றுகிறோம். போன வாரம் கிளினிக் டாக்டர், "நீங்க கிளீன் பண்றீங்களா, டிஸ்இன்ஃபெக்ட் பண்றீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. கிளீனிங், சானிடைஸ், டிஸ்இன்ஃபெக்ட், ஸ்டெரிலைஸ் எல்லாம் ஒன்றுதானே அண்ணே?

பதில்:

ஒன்று இல்லை தம்பி. அந்த டாக்டர் சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் மருத்துவமனைகளில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்துவிட்டேன். நம் தொழிலில் பழகிப்போன தப்பு என்ன தெரியுமா? சுத்தத்தை மூக்கால் அளப்பது. ஆள் வந்து துடைத்துவிட்டுப் போனபின் பினாயில் வாசனை வந்தால் வீட்டுக்காரருக்குத் திருப்தி, நமக்கும் திருப்தி. வாசனையை மட்டும் நம்பி ஜெயித்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். 1847இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மெல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வரும் டாக்டர்களைக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். கையில் ஒட்டியிருந்த பிண வாடையை அதுதான் நன்றாகப் போக்கியது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார். பிரசவித்த தாய்மார்களின் சாவு சட்டென்று குறைந்தது. கிருமி என்ற கருத்தே அப்போது நிலைபெறவில்லை. அவருக்கு அதிர்ஷ்டம், கையில் கிடைத்தது கிருமியைக் கொல்லும் சாமான். நம் பிளீச்சிங் பவுடரும் அதே குடும்பம்தான். எலுமிச்சை வாசனை போட்ட தரைத் திரவத்துக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது.

சரி, நான்கு சொல்லுக்கும் வருகிறேன். கண்ணுக்குத் தெரியும் மண், எண்ணெய்ப் பிசுக்கு, எச்சில், தூசி ஆகியவற்றை அந்த இடத்தைவிட்டு அகற்றுவது கிளீனிங். இதில் கிருமி சாகவேண்டும் என்பதில்லை, அழுக்கோடு சேர்ந்து போய்விடும். மிஞ்சிய கிருமியை ஆபத்தில்லாத அளவுக்குக் குறைப்பது சானிடைஸ். இது பெரும்பாலும் சாப்பாடு படும் இடங்களுக்கான வேலை. நோய் தரும் பாக்டீரியா, வைரஸ்களைக் கொல்வது டிஸ்இன்ஃபெக்ட். ஆனால் இதிலும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் (கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் வடிவம்) தப்பிவிடும். வித்து உட்பட ஒன்றும் மிஞ்சாமல் கொல்வது ஸ்டெரிலைஸ். இது துடைப்பத்தாலும் வாளியாலும் முடிகிற காரியம் இல்லை. 121 டிகிரி நீராவியில் 15 பவுண்டு அழுத்தத்தில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கும் ஆட்டோகிளேவ் மாதிரி ஒன்று வேண்டும். (வீட்டு பிரஷர் குக்கரும் இதே தத்துவம்தான். பால் புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்துவிட்டு 'ஸ்டெரிலைஸ் பண்ணிட்டேன்' என்கிறோமே, அது டிஸ்இன்ஃபெக்ட் அளவுக்குத்தான் வரும். குழந்தைக்கு அது போதும்.)

எந்த இடத்துக்கு எந்த அளவு என்று எப்படி முடிவு செய்வது? இதற்கு ஏர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் மருத்துவமனைக் கருவிகளை வைத்து ஒரு வழி சொன்னார். அந்தப் பொருள் உடம்பின் எந்தப் பகுதியைத் தொடப்போகிறது என்று பார். முழுசான தோலை மட்டும் தொட்டால் ஓர் அளவு, வாய், மூக்கு போன்ற ஈரச் சவ்வைத் தொட்டால் அதற்கு மேல், ரத்தத்துக்குள் போனால் ஸ்டெரிலைஸ்.

இதை என் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் சலூனைத்தான் உதாரணம் காட்டுவேன். கழுத்தைச் சுற்றிப் போர்த்தும் துணி சட்டையைத்தான் தொடுகிறது. சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்தால் போதும். சீப்பும் கத்தரியும் தலையைத் தொடுகின்றன. கழுவிவிட்டு, கிருமி கொல்லும் மருந்துக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். பிளேடு தோலைக் கீறும். அதனால் ஆளுக்கொரு புது பிளேடு. இது இப்போது பெரும்பாலான கடைகளில் நடக்கிறது, நாமும் கேட்டு வாங்குகிறோம். ஆனால் சவரம் முடிந்ததும் முகத்தில் தேய்க்கிறார்களே, படிகாரக் கட்டி, அதைக் கவனித்திருக்கிறீர்களா? கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும். பார்த்தால் கடையிலேயே சுத்தமான பொருள் அதுதான் என்று தோன்றும். இப்போதுதான் பிளேடு பட்டு, அங்கங்கே ரத்தம் கசியும் கன்னத்தில் அதைத் தேய்த்து, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, அடுத்தவர் கன்னத்திலும் தேய்க்கிறார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத் துளியில் ஏழு நாள் வரைகூட உயிரோடு இருக்கும். புது பிளேடு போட்டு வாங்கிய பாதுகாப்பைப் படிகாரத்தில் தொலைக்கிறோம். இந்தப் பார்வை வந்துவிட்டால், எந்த அறைக்குள் நுழைந்தாலும் எங்கே என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இனி உங்கள் மூன்று இடங்கள்.

குடியிருப்பில் பெரும்பாலும் சோப்புத்தண்ணீரே போதும். படிக்கட்டு, வராண்டா, ஹால் தரை எல்லாம் செருப்புக்கால் படும் இடம், அவற்றில் கிருமியைக் கொல்ல வேண்டிய தேவையே இல்லை. மீனாட்சியம்மன் கோயில் 2017இல் நாட்டின் சிறந்த தூய்மைத் தலமாகத் தேர்வானதே, சித்திரை வீதிகளில் மருந்து தெளித்ததாலா? கூட்டிப் பெருக்கி, குப்பையை உடனுக்குடன் எடுத்ததால்தான். தெருவுக்கு அதுதான் சரியான அளவு. 2020இல் கொரோனா வந்தபோது ஊர் ஊராகத் தெருவில் மருந்தடித்தார்கள், மனிதர்களைச் சுரங்கம் மாதிரி செட்டுக்குள் நடக்கவிட்டு மேலே தெளித்தார்கள். தெருவில் அடிப்பதால் பலனில்லை, ஆள் மேல் அடிப்பது கெடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மே மாதமே சொன்னது. மண்ணும் குப்பையும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது.

இந்தக் கடைசி விஷயத்தை அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுக்கின் மேல் ஊற்றிய மருந்து வேலை செய்யாது. முதலில் தேய்த்துக் கழுவு, அப்புறம் மருந்து. நான்கு படிகளில் மற்ற மூன்றும் கிளீனிங்கின் மேல்தான் நிற்கின்றன. பெரும்பாலானவர்கள் சறுக்குவதும் அங்கேதான். உங்கள் ஆள் ஒரு வாளியில் இரண்டு மூடி பினாயில் ஊற்றி, மூன்று மாடியையும் அதே தண்ணீரில் துடைக்கிறாரா என்று ஒரு நாள் பாருங்கள். இரண்டாவது மாடியிலேயே தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். அப்புறம் அவர் துடைப்பது இல்லை, முதல் மாடி அழுக்கை மூன்றாவது மாடிக்குப் பூசிவிடுகிறார். இரண்டு வாளி கொடுங்கள். ஒன்று மாப்பை அலசிப் பிழிய, இன்னொன்று நல்ல கரைசல். மாப் முதலில் அலசும் வாளிக்குள் போகவேண்டும், பிழிந்த பிறகுதான் கரைசலுக்கு. வேலை முடிந்ததும் மாப்பைத் துவைத்து வெயிலில் தலைகீழாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். மதுரை வெயிலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஈரத்தோடு பாத்ரூம் மூலையில் சாத்திவைத்த மாப் ராத்திரி முழுக்கக் கிருமி வளர்க்கும்.

மருந்தைவிட பிரஷ் பெரியது என்பதற்கு இன்னொரு உதாரணம் உங்கள் குடியிருப்பிலேயே இருக்கும். தண்ணீர் தினமும் வராத வீடுகளில் டிரம்மில் பிடித்து வைப்பார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, டிரம்மின் உட்சுவரில் தண்ணீர் விளிம்பை ஒட்டி முட்டை இடும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாலும் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒருமுறை நார் போட்டு உட்சுவரைத் தேய்ப்பதுதான் தீர்வு.

வீட்டில் கிருமிநாசினி தேவைப்படும் நேரம் எது? கழிப்பறைக்கு எப்போதும். யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் அந்தச் சில நாள். டயாலிசிஸ், கீமோ எடுப்பவர்கள் இருந்தால் அவர்கள் புழங்கும் அறைக்கு. அவ்வளவுதான். எங்கள் அப்பத்தா வாசலில் சாணம் தெளித்தால்தான் வீடு சுத்தம் என்பார். அது மங்கலத்துக்கும் தூசி அடங்குவதற்கும் சரி. கிருமிநாசினி என்று அதைச் சொல்லமுடியாது. பச்சைச் சாணத்தில் டெட்டனஸ் வித்தே இருக்கலாம், காலில் புண் இருப்பவர்கள் ஒதுங்கி நிற்பது நல்லது.

பாத்ரூம் டைல்ஸில் வெள்ளையாகப் படிகிறதே, அது அழுக்கு இல்லை, போர் தண்ணீர் உப்பு. நம் ஊர்ப் பக்கம் இது தீராத புகார். உப்பை எடுப்பது அமிலத்தின் வேலை, கிருமியைக் கொல்வது குளோரினின் வேலை. இரண்டையும் சேர்த்து ஊற்றினால் ரெட்டிப்பு சுத்தம் வரும் என்று நம்பி, தொழிலுக்கு வந்த முதல் வருஷம் நானே ஒரு கல்யாண மண்டபத்துக் கழிப்பறையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி அதன் மேல் ஆசிட்டை ஊற்றினேன். பச்சையும் மஞ்சளுமாய்ப் புகை கிளம்பியது. நெஞ்சில் யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தது. கதவு திறந்திருந்ததால் பிழைத்தேன். அது குளோரின் வாயு, முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்தியது. கடையில் விற்கும் டாய்லெட் கிளீனர்கள் பலவற்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் இருக்கிறது. உங்கள் ஆட்களிடம் வேறு எதைச் சொல்ல மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒரு நாள் அமிலம், நன்றாகக் கழுவிவிட்டு, மறுநாள் பிளீச்சிங்.

அலுவலகத்தில் ஆபத்து தரையில் இல்லை, விரல் படும் இடங்களில் இருக்கிறது. லிஃப்ட் பொத்தான், கைரேகை மெஷின், டீ மெஷின் குழாய், ஃபிரிட்ஜ் கைப்பிடி, கழிப்பறைக் கதவின் உள்தாழ்ப்பாள். நான் ஒரு சின்ன வேலை செய்வேன். காலையில் யாரும் வருமுன் இந்த இடங்களில் சாக்பீஸால் கண்ணுக்கு எளிதில் படாத ஒரு புள்ளி வைத்துவிடுவேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால், தரை கண்ணாடியாக மின்னும், தாழ்ப்பாளில் என் புள்ளி அப்படியே இருக்கும். திட்டுவதற்காக வைப்பதில்லை. ஆளையே கூட்டிப்போய்க் காட்டினால் அடுத்த நாளிலிருந்து அவர் கை தானாக அங்கே போகும்.

கேன்டீன்தான் அந்த அலுவலகத்தில் உங்களுக்குத் தலைவலி. இங்கே பினாயிலைக் கிட்டே விடாதீர்கள், தட்டிலும் மேடையிலும் அதன் எச்சம் நிற்கும். நம் ஊர் டீக்கடைகளில் ஒரு வாளித் தண்ணீரில் காலையிலிருந்து கிளாஸை முக்கி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் கிளாஸ் கழுவப்படுகிறது. ஐம்பதாவது கிளாஸ் முந்தைய நாற்பத்தொன்பது பேரின் எச்சிலில் குளிக்கிறது. ஓடும் தண்ணீர், சோப்பு, அப்புறம் 77 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் அரை நிமிஷம். கை வைக்கமுடியாத சூடு அது, கம்பிக் கூடையில் போட்டுத்தான் இறக்க வேண்டும். வெந்நீர் வசதி இல்லையென்றால் மெல்லிய குளோரின் கரைசல். கழுவிய பாத்திரத்தைத் துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுவது நல்லது. அந்தத் துணிதான் பல சமயம் கேன்டீனிலேயே அழுக்கான பொருள். இந்த விஷயத்தில் வாழை இலையை மிஞ்ச எதுவும் இல்லை, ஆளுக்கொரு புதுத் தட்டு. இலையில் தெளிக்கும் தண்ணீர் மட்டும் குடிக்கிற தண்ணீராக இருந்தால் போதும்.

கோழி கழுவும் தொட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைக் கோழியைக் கழுவவே கூடாது, தெறிக்கும் துளியில் கிருமி பரவும் என்பது வெளிநாட்டு அறிவுரை. மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசாமல் நம் ஆட்கள் சட்டியில் போடமாட்டார்கள், அதை நான் மாற்ற முயன்று தோற்றுவிட்டேன். அதனால் இப்படிச் சொல்கிறேன்: குழாயை வேகமாகத் திறக்காமல் அகலப் பாத்திரத்துக்குள் வைத்து அலசட்டும், பக்கத்தில் மல்லித்தழையோ வெங்காயமோ இருக்கக் கூடாது, முடிந்ததும் தொட்டியையும் மேடையையும் சோப்பால் தேய்த்துவிட்டு மருந்து போடட்டும்.

இப்போது கிளினிக். இங்கே டிஸ்இன்ஃபெக்ட் அளவுக்குப் போகவேண்டும். பல் நாற்காலியைச் சுற்றிய இடம் முழுக்க எச்சிலும் ரத்தமும் நுண்துளியாகத் தெறிக்கும். கருவிகளைக் கழுவுவதும் ஆட்டோகிளேவில் வைப்பதும் அவர்களுடைய பயிற்சி பெற்ற ஆட்களின் வேலை. உங்கள் ஆள் அதைத் தொடக்கூடாது என்று முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். உங்கள் பொறுப்பு தரை, கைப்பிடி, மேடை, கழிப்பறை, குப்பை.

மருந்துக்கு 'ஹைப்போ' வாங்குங்கள், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். கேனில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் கணக்கு சுலபம். கலந்தபின் மொத்தம் 10 லிட்டர் வருகிற வாளிக்கு 20 மில்லி என்றால் கழுவிய பாத்திரத்துக்கான அளவு. 200 மில்லி என்றால் கழிப்பறை, கிளினிக் தரை, கைப்பிடிகளுக்கு. 2 லிட்டர் என்றால் ரத்தம் சிந்திய இடத்துக்கு. இருபது, இருநூறு, இரண்டாயிரம், அவ்வளவுதான். ரத்தத்துக்கு வாளி நிறையக் கலக்க வேண்டாம், 200 மில்லியோடு 800 மில்லி தண்ணீர் போதும். இந்தக் கரைசலை அன்றன்றைக்குக் கலக்கவேண்டும், நேற்றையது ஆகாது. கேனை வெயில் படும் மொட்டைமாடியில் வைத்தால் மே மாதச் சூட்டில் வீரியம் மளமளவென்று இறங்கிவிடும். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். புதிதில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும், வாய் திறந்த மூட்டையில் சில வாரம் கிடந்தால் அது வெறும் சுண்ணாம்பு. ஸ்டீல் பொருட்களில் ஹைப்போ பட்டால் பத்து நிமிஷம் கழித்துத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள், அரிக்கும்.

அந்தப் பத்து நிமிஷம் முக்கியம். மருந்து பட்டதும் கிருமி செத்துவிடாது, அந்த இடம் ஈரமாக இருந்தாக வேண்டிய நேரம் என்று ஒன்று இருக்கிறது. லேபிளில் போட்டிருப்பார்கள். தெளித்த கையோடு காய்ந்த துணியால் துடைத்துவிட்டால் பளபளப்பு வரும், கிருமி போகாது. ஸ்பிரிட் வாங்கினால் 70 சதவீதம் ஆல்கஹால் உள்ளதாக வாங்குங்கள். 99 சதவீதம் இன்னும் நல்லது என்று தோன்றும், ஆனால் அது சட்டென்று பறந்துவிடும். கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலுக்குத் தண்ணீரும் வேண்டும்.

ரத்தம் சிந்தியிருந்தால் நேராக மாப்பைப் போடாதீர்கள். கையுறை போட்டு, பழைய செய்தித்தாளையோ பஞ்சையோ அதன் மேல் போட்டு மூடி, மேலே அந்த இரண்டாயிரம் கணக்குக் கரைசலை ஊற்றி, இருபது நிமிஷம் விட்டுவிட்டு, அள்ளி மஞ்சள் பையில் போட்டபிறகு தரையைத் துடைக்க வேண்டும். 2016ஆம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சு, துணிக்கு மஞ்சள் பை, பிளாஸ்டிக் குழாய், கையுறைக்குச் சிவப்பு, ஊசி, பிளேடுக்குத் துளைக்க முடியாத வெள்ளை டப்பா, கண்ணாடிக்கு நீலம். தரையில் கிடக்கும் ஊசியைக் கையால் எடுக்கவே கூடாது, இடுக்கி கொடுத்துவிடுங்கள். கிளினிக் மாப், துணி, வாளி கிளினிக்கிலேயே இருக்கட்டும், கழிப்பறைக்குச் சிவப்புத் துணி, மற்ற இடத்துக்கு நீலம் என்று பிரித்துவிட்டால் படிக்கத் தெரியாதவரும் தப்பு செய்யமாட்டார்.

பினாயிலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கழிப்பறைக்கும் சாக்கடை ஓரத்துக்கும் கருப்பு பினாயில் இன்னும் நல்ல சரக்கு. டப்பாவில் ஆர்.டபிள்யூ.சி. என்று ஓர் எண் இருக்கும், கிருமி கொல்லும் திறனுக்கான அளவு அது, எண் கூடக்கூட வீரியம் கூட. அந்த எண்ணே போடாத பால்நிற பினாயில் என்றால், வாசனைக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூனை வளர்க்கும் வீட்டில் வேண்டாம், அதன் உடம்புக்கு அது விஷம்.

டாக்டரிடம் விலை பேசும்போது ஒரு விஷயம். கிளினிக்குக்கு அதிக நேரமும் அதிகப் பொருளும் ஆகும், குடியிருப்பு ரேட்டில் ஒத்துக்கொள்ளாதீர்கள். குடியிருப்பு சங்கத்தில் என்றைக்காவது 'செப்டிக் டேங்க்கையும் உங்க ஆளையே இறங்கிப் பார்க்கச் சொல்லுங்களேன்' என்று கேட்பார்கள், கேட்காமல் இருக்கமாட்டார்கள். எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் வருஷச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது குற்றம், உள்ளே இருக்கும் வாயு ஆளை மேலே ஏறவிடாது. லாரி வைத்து உறிஞ்சி எடுப்பவர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கிளினிக்குக்கு அனுப்பும் ஆட்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டீர்களா? மூன்று ஊசி. முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. போடவில்லையென்றால் ஹைப்போ கேன் வாங்கப் போகுமுன் அவர்களை ஊசி போடக் கூட்டிப்போங்கள்.